வெள்ளைக்கு ஒரு அளவுகோல்

அறுபது வோல்ட்டில் ஒன்றும் நடக்காது, நடக்கவும் கூடாது, அது எனக்கு நன்றாகத் தெரியும், ஆனாலும் நெஞ்சு மட்டும் இருநூற்று முப்பதில் அடித்துக்கொண்டிருக்கிறது. இத்தனைக்கும் இது எனக்கு நாற்பதாவது பழைய டிவிப் பெட்டியோ நாற்பத்தொன்றாவதோ. முதல் பெட்டிக்கு என்ன நடுக்கமோ அதே நடுக்கம்தான் இதற்கும். நடுக்கத்துக்கு மட்டும் வயதே ஆவதில்லை போலும். பதினோரு வருடம் தூங்கிய பிக்சர் டியூபுக்குச் சுவரில் வரும் மின்சாரத்தை அப்படியே திறந்துவிடுவது, பட்டினி கிடந்தவனைப் பந்தியில் உட்கார வைப்பது போல. ஆகவே நடுவில் வேரியாக் என்கிற, மின்சாரத்தைச் சிறுகச் சிறுக ஏற்றிவிடும் இந்தக் கனத்த பெட்டி, அதன் தலையில் ஒரு கறுப்புக் குமிழ், குமிழைச் சுற்றி எண்கள். மூன்று நிமிடத்துக்குப் பத்து வோல்ட். எழுபது. காற்றாடியை நிறுத்தியிருக்கிறேன், உள்ளே ஏதாவது சிடுசிடுத்தால் காதில் விழ வேண்டும். ஜன்னல் திரையையும் இழுத்துவிட்டிருக்கிறேன், காலை பத்தரை மணி வெயில் அயனாவரம் முழுவதையும் வறுத்துக்கொண்டிருக்க, இந்தப் பின்னறை மட்டும் இருட்டில் வேகிறது. வலது கை குமிழில், இடது கை முதுகுக்குப் பின்னால், வேட்டி மடிப்புக்குள். இது பவ்வியம் அல்ல, விதி. இந்தக் காலத்துப் பெட்டிகளில் உள்ளிருக்கும் இரும்புச் சட்டம் நேராக மின்கம்பியோடு உறவு வைத்திருக்கும்; ஒரு கை பட்டால் உதறிக்கொண்டு பிழைக்கலாம், இரண்டு கையும் பட்டால் மின்சாரம் ஒரு கையில் ஏறி நெஞ்சு வழியாக மறுகையில் இறங்கும். எனவே ஒற்றைக் கை. செண்பகம் இதைப் பார்த்துவிட்டு, "கல்யாணம் பண்ணின நாள்லேர்ந்து இந்த மனுஷன் எங்கிட்ட இப்படிக் கையைக் கட்டி நின்னதில்ல" என்று ஒருமுறை பாயிடம் சொன்னாள். "என்ன சார், எழுபதுதானா? பாப்பாவுக்கு முதல் சோறு ஊட்டறா மாரி ஊட்டறீங்க" என்கிறார் பாய் இப்போது. அறைவாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருக்கிறார் தஸ்தகீர் பாய், ஓட்டேரியில் கலர் டிவி ரிப்பேர் பார்க்கிறவர், பார்த்தவர், இந்தப் பெட்டிக்குச் சொந்தக்காரர். நான் குளித்துவிட்டு வருவதற்குள் வந்து இந்த அறைக்குள் நின்றுகொண்டிருந்தார். சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறார். பீடியை விட்டு நாலு வருடமாகியும் கை மறக்கவில்லை, பாவம். "அவசரப்பட்டா வெடிக்கும் பாய்." "புரொபசர் சொன்னா சரிதான்." நான் புரொபசர் அல்ல, கல்லூரி இயற்பியல் கூடத்தில் முப்பத்துநான்கு வருடம் டெமான்ஸ்ட்ரேட்டர், இந்த வித்தியாசத்தை அவருக்கு நூறு தடவையாவது விளக்கியிருப்பேன், வேண்டுமென்றேதான் சொல்கிறார்.

எண்பது. தொண்ணூறு. பெட்டியைப் பற்றி எனக்குக் கவலை இல்லை, வால்வுகள் எல்லாவற்றையும் சோதித்துவிட்டேன், வீங்கிப்போன கெப்பாசிட்டர்களை மாற்றிவிட்டேன், பல்லி முட்டைகள் மூன்றை எடுத்துப்போட்டேன். என் பயமெல்லாம் அந்தப் பெரிய கண்ணாடிக் குடம்தான், இருபது அங்குல பிக்சர் டியூப். இதை யாரும் இனி செய்யப்போவதில்லை. வாணியம்பாடியில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாமான் அறையில், உடைந்த நாற்காலிகளுக்கு அடியில், சாக்குப்பையில் சுற்றிக் கிடந்ததைப் பாய் கண்டுபிடித்து, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார். கண்டக்டர் லக்கேஜ் என்றாராம். "லக்கேஜ் இல்லப்பா, பேஷண்ட்டு" என்றாராம் பாய். போன வாரம் இதை என் மேசையில் இறக்கும்போது அவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "சார், இதுவும் போச்சுன்னா வேற கிடையாது." இதுவும். அந்த உம்மில்தான் எல்லாம் இருக்கிறது. இலக்கணக்காரர்கள் அதற்கு இறந்தது தழீஇய எச்ச உம்மை என்று பெயர் வைத்திருக்கிறார்கள், பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார்கள், இறந்தது ஒன்று உண்மையிலேயே மேசைக்கடியில் இருக்கிறது, பாயின் பழைய லுங்கியில் சுற்றப்பட்டு. மாசி மாதம். இதே பெட்டி, இதே அறை, பெட்டியோடு பிறந்த டியூப். திரையில் வெளிச்சம் வந்தது, ஆனால் தேநீர் வடிகட்டிய துணி மாதிரி ஒரு பழுப்பு. டியூப் களைத்துவிட்டது என்று முடிவு செய்தேன். களைத்த டியூபுக்குக் கடைசி வைத்தியம் ஒன்று உண்டு, பூஸ்ட் கொடுப்பது என்பார்கள்: உள்ளே இருக்கும் இழைக்கு ஆறு வோல்ட்டுக்குப் பதில் ஒன்பது, சில விநாடிகள், சூட்டில் மேல் ஆடை வெந்து உதிர்ந்து உள்ளிருக்கும் புதுச் சதை வெளியே வரும், ஆறு மாதமோ ஆறு வருடமோ வெளுப்பாக எரியும். அல்லது இழை அறுந்துபோகும். "நல்லாத்தானே சார் கீது" என்றார் பாய் அன்றைக்கு. "பாய், உங்களுது கலர் பார்த்துப் பழகின கண்ணு, வெள்ளை தெரியாது" என்றேன். சொன்னேனா அப்படி? சொன்னேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே அழுத்தினேன், ஆறாவது எண்ணில் உள்ளே மல்லிகை மொட்டு வெடித்தது போல ஒரு பளிச், பிறகு எதுவும் இல்லை. பாய் எழுந்து போய் பெட்டியை மூடிக் கொண்டுவந்திருந்த தன் லுங்கியை எடுத்துவந்து சுற்றினார்.

நூறு. அதை நினைக்கக் கூடாது, நூறில் அதை நினைத்தால் நூற்றுப் பத்தில் கை தவறும், வேறெதையாவது நினைப்போம், உலகம் எப்படிக் கெட்டுப்போகிறது என்பதை நினைப்போம், அது எப்போதும் ஆறுதலான விஷயம். இந்த வருடம் மட்டும் கூடத்து ட்யூப்லைட்டை மூன்று தடவை மாற்றினேன், மூன்றும் அழுமூஞ்சி. செய்தித்தாளில் மையைக் குறைத்துவிட்டார்கள், எழுத்தெல்லாம் சாம்பல் பூசிக்கொண்டு நிற்கிறது. துவைக்கும் சோப்பில் என்ன கலக்கிறார்களோ, வேட்டி வெளுப்பதே இல்லை, மஞ்சளோடியே கொடிக்கு வருகிறது, "இன்னும் ரெண்டு சொட்டு நீலம் போடு" என்று செண்பகத்திடம் சொல்லிச் சொல்லி இப்போது நானே போட்டுக்கொள்கிறேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிக்கிறாள். எதற்குச் சிரிப்பு என்று கேட்டால், "ஒண்ணுமில்ல, திருப்பாற்கடல் ஞாபகம் வந்துது" என்கிறாள். இப்போது நான் கட்டியிருப்பது என் கையால் அலசியது, எட்டு சொட்டு, இந்தத் தெருவிலேயே வெள்ளை என்று சொல்லத் தக்க ஒரே பொருள். நூற்றுப் பத்து! அதோ, அதோ, வால்வுகளின் அடியில் சிவப்பு, ஒன்று, இரண்டு, ஐந்து, எல்லாம் ஒரே சரத்தில் கோத்த குடும்பம், ஒன்று கண்மூடினால் எல்லாம் கண்மூடும், ஒன்று விழித்தால் எல்லாம் விழிக்கும், விழிக்கின்றன, கோவைப்பழச் சிவப்பு, கூரையில் நிழல் விழுகிற அளவுக்கு! "பாய், பாருங்க!" "பார்த்துக்கினுதான் கீறேன், கத்தாதீங்க, அக்கம்பக்கத்துல பிரசவம்னு நினைச்சுக்கப் போறாங்க." சூடான தூசியின் வாசனை எழும்புகிறது, அரக்கும் பழைய ஊதுவத்தியும் கலந்த அந்த வாசனை, இதற்காகவே இன்னும் நாற்பது பெட்டிகள் திறக்கலாம். நூற்று முப்பது. நூற்று நாற்பது. பழைய தருக்க நூலார் ஒன்று சொல்லிவைத்தார்கள்: பொருளிலிருந்து ஒளி கண்ணுக்கு வரவில்லை, கண்ணிலிருந்துதான் ஒரு கதிர் புறப்பட்டுப் போய்ப் பொருளைத் தொட்டுப் பார்க்கிறது என்று. கல்லூரியில் இதைச் சொல்லிப் பிள்ளைகளைச் சிரிக்க வைப்பேன். ஆனால் இந்த டியூப் அப்படித்தானே வேலை செய்கிறது, பின்னால் ஒரு சிவந்த இழை, அதிலிருந்து ஒரு கதிர், அது போய்த் திரையை வரிவரியாகத் தடவுகிறது, விநாடிக்கு இருபத்தைந்து தடவை முழுத்திரையும். தருக்க நூலார் தொலைக்காட்சிப் பெட்டியைக் கண்டுபிடித்துவிட்டு அதற்குக் கண் என்று பெயரிட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான், விலாசம்தான் தவறு.

நூற்று எழுபது. இனி கொஞ்ச நேரத்தில் விசில் கேட்க வேண்டும், எனக்குக் கேட்காது. விநாடிக்குப் பதினைந்தாயிரத்துச் சொச்சம் அதிர்வு, ஐம்பது தாண்டிய காதுக்கு அந்தக் கதவு சாத்தியாகிவிடும், இது வெட்கப்பட வேண்டிய விஷயம் அல்ல, உடற்கூறு. என் காதின் எல்லை எனக்குத் தெரியும். கருவி பழுதென்றால் வேறு கருவி வைத்துக்கொள்ள வேண்டும், அதுதான் அறிவியல். என் கருவி பெட்டியின் மேல் படுத்திருக்கிறது, சாம்பல் நிறம், நாலு கால், பெயர் ஆம்பியர். நூற்று எண்பது. ஆம்பியரின் ஒரு காது திரும்புகிறது. நூற்றுத் தொண்ணூறு. இரண்டு காதும் பின்னால் படிகின்றன, எழுந்து நிற்கிறது, யாரோ தன் குலத்தைத் திட்டியது போல என்னைப் பார்த்துவிட்டுக் குதித்து, பாயின் காலடி வழியாக வெளியே போகிறது. விசில் வந்துவிட்டது! "கருவி போயிடுச்சு சார்" என்கிறார் பாய். "வேலையை முடிச்சுட்டுத்தான் போகுது!" இருநூறு. பின்னால் படபடவென்று ஒரு சத்தம், கண்ணாடியின் மேல் உரோமம் சிலிர்ப்பது போல, என் முழங்கை முடிகள் அதன் பக்கம் எழுந்து நிற்கின்றன, பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல், வா, வா, கண்ணைத் திற, இருநூற்று இருபது, நடுவில் ஒரு கோடு, கோடு தடிக்கிறது, ஓரங்களை நோக்கி ஓடுகிறது, விரிகிறது, வாணியம்பாடி நாற்காலிகளுக்கடியில் இத்தனை வருடம் மூடிக்கிடந்த கண் மெள்ள மெள்ளத் திறந்து முழுத்திரையும் வெளிச்சம்! படம் இல்லை, படம் பிறகு, முதலில் வெறும் வெளிச்சம், வரிவரியான வெறும் வெளிச்சம். "யா அல்லா" என்கிறார் பாய். எனக்கு இரண்டு கையையும் தட்டத் தோன்றுகிறது, விதி நினைவுக்கு வந்து ஒரு கையால் தொடையில் தட்டிக்கொள்கிறேன். செண்பகத்தைக் கூப்பிட வாயெடுக்கிறேன். பிறகு பார்க்கிறேன். வெளிச்சத்துக்குக் கண் பழகிய பிறகு, சந்தோஷம் கொஞ்சம் உட்கார்ந்த பிறகு, பார்க்கிறேன். பழுப்பு. அதே தேநீர்த் துணி. அதே மாசி மாதம்.

இல்லை, அவசரப்படக் கூடாது. பிரைட்னெஸ் குமிழ் முழுக்க வலதுபுறம்தான் இருக்கிறது. மின்சாரம் சரி. மீட்டரில் எல்லா எண்களும் சரி, புத்தகத்தில் அச்சடித்தது போலச் சரி, அதுதான் எரிச்சல், எண்கள் எல்லாம் சரியாக இருக்கும்போது வெளிச்சம் மட்டும் எப்படித் தவறும், அப்படியென்றால் களைப்பு, டியூப் களைத்துவிட்டது, சாக்குக்குள் சும்மா கிடந்தே களைத்துவிட்டது, மனிதர்களும் அப்படித்தானே. பூஸ்ட் பெட்டி தயாராகத்தான் இருக்கிறது, காலையிலேயே டியூபின் இழையோடு இணைத்து வைத்துவிட்டேன். அதன் தலையில் பொத்தான். வாசலில் கழற்றிய காலிங் பெல் பொத்தான்தான், மணியின் சின்னம்கூட இன்னும் அழியவில்லை. கட்டைவிரல் அதன்மேல் போய் உட்கார்ந்துவிட்டது, நான் உட்காரச் சொல்லவில்லை. "என்ன சார் பண்றீங்க?" பாயின் குரலில் விளையாட்டு இல்லை. "டியூப் வீக் பாய்." "வீக்கா? எனக்குக் கண்ணு கூசுது." "நீங்க மரியாதைக்குச் சொல்றீங்க." "உங்களுக்கு நான் எப்போ சார் மரியாதை குடுத்தேன்?" அதுவும் சரி. ஆனால் மாசியிலும் இதைத்தான் சொன்னார். ஒளி அளக்கும் மீட்டர் ஒன்று வாங்கிவிடுங்களேன் என்றும் சொன்னார், முப்பத்துநான்கு வருடம் கண்ணே மீட்டராக இருந்தவனிடம். அழுத்தாமல் விட்டால் என்ன ஆகும், பழுப்பாகவே ஓடும், பாய் நல்லாருக்கு நல்லாருக்கு என்று வீட்டுக்குக் கொண்டுபோவார், அவர் வீட்டில் நாலு பேர் பார்த்து, அட்சயலிங்கம் சார் சரிபண்ணிக் கொடுத்த பெட்டியா இது, துவைக்காத பனியன் மாதிரி இருக்கே என்பார்கள். அழுத்தினால் வெளுக்கும். அல்லது அந்த மல்லிகை மொட்டு. ஆறு வரை எண்ண வேண்டாம், நாலு போதும். நாலில் மட்டும் அறாது என்று யார் சொன்னது. இதுவும் போச்சுன்னா. அந்த உம். எந்த வாசலின் மணி இது, அழுத்தினால் கதவைத் திறப்பது யார். "சார், கையை எடுங்க." "பாய், வெள்ளைன்னா என்னன்னு நான் உங்களுக்குக் காட்டறேன். வாதமே வேண்டாம். அளவுகோல் வெச்சுப் பார்ப்போம்." ஜன்னல் திரையை ஒரு சாண் விலக்குங்கள் என்றேன், விலக்கினார், வெயில் ஒரு பட்டையாக உள்ளே விழுந்தது. முதுகுக்குப் பின்னால் இருந்த இடது கையால் வேட்டியின் தலைப்பைப் பிடித்து இழுத்து, அந்த வெயிலில் விரித்து, திரைக்குப் பக்கத்தில் பிடித்தேன். "இப்போ பாருங்க. இது வெள்ளை. அது பழுப்பு. டியூப் இந்த நிறத்துக்கு வரணும்." பாய் பார்த்தார். வேட்டியைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடி வேட்டியைப் பார்த்தார். தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. "அந்த நிறத்துக்கா? சார், அந்த நிறத்துக்கு எந்த டியூபாலயும் வர முடியாது. அந்த நிறத்துக்குப் பேசாம மயிலுங்கதான் வரணும்."

மயில். மயில் என்ன நிறம். "என்ன நிறம் பாய் இது?" "எது?" "என் வேட்டி." "நீலம் சார். உங்க தெரு பூரா தெரியுமே. பால்காரரு உங்களுக்கு ஊதா வேட்டி சாருன்னுதான் பேரு வெச்சிருக்காரு." நான் வேட்டியைப் பார்க்கிறேன், வெள்ளை, மாசுமருவற்ற வெள்ளை, திரையைப் பார்க்கிறேன், பழுப்பு, வேட்டியைப் பார்க்கிறேன். திருப்பாற்கடல். காலண்டர் படத்தில் பாற்கடலுக்கும் நீலம்தான் பூசியிருப்பார்கள். நீலத்தை வெள்ளையாகக் காட்ட எது நடுவில் இருக்க வேண்டும்? மஞ்சள் கண்ணாடி. முதலாண்டுப் பிள்ளைகளுக்கு நானே நடத்திய பாடம், ஒளி வடிகட்டிகள், மூன்றாவது வகுப்பு, வியாழக்கிழமை. நீலத்தைத் தின்றுவிட்டு மிச்சத்தை மட்டும் அனுப்பும் ஒரு மஞ்சள் வடிகட்டி, வெள்ளையைப் பார்த்தால் பழுப்பு, நீலத்தைப் பார்த்தால் வெள்ளை, எல்லாவற்றையும் பார்த்தால் மங்கல், ட்யூப்லைட் அழுமூஞ்சி, செய்தித்தாளில் சாம்பல். மூன்று ட்யூப்லைட்டும் நல்ல ட்யூப்லைட். சோப்பு நல்ல சோப்பு. உலகம் கெட்டுப்போகவே இல்லை! வடிகட்டி எங்கே இருக்கிறது? பெட்டிக்கும் எனக்கும் நடுவில் காற்று, காற்றுக்குப் பிறகு நான். காதுக்குப் பூனை வைத்தேன், கைக்கு விதி வைத்தேன், எல்லாக் கருவியையும் சோதித்தவன் ஒன்றை மட்டும் சோதிக்கவில்லை, ஏனென்றால் சோதித்துக்கொண்டிருந்ததே அதுதான். தருக்க நூலார் விலாசத்தைச் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள், பழுது கதிர் புறப்படுகிற இடத்தில்! என்ன அழகான பழுது, எவ்வளவு சுத்தமான தர்க்கம், கல்லூரியில் இருந்தால் ஒரு முழு வகுப்பு எடுக்கலாம், இதை யாரிடமாவது உடனே, பாயிடம், பாய். பாயிடம் சொல்ல வேண்டும். மேசைக்கடியில் அந்த லுங்கி. உலகம் கெட்டுப்போகவில்லை என்றால் மாசி மாதமும் கெட்டுப்போயிருக்கவில்லை. ஆறு வரை எண்ணினேன். நன்றாக எரிந்துகொண்டிருந்த ஒன்றை, ஒன்று, இரண்டு, மூன்று. எவ்வளவு நிதானமாக எண்ணினேன். இந்த வாக்கியத்தைச் சுற்றி மூன்று தடவை போய் வருகிறேன், உள்ளே நுழைய முடியவில்லை. பிறகு பொத்தானிலிருந்து கட்டைவிரலை எடுத்தேன். ஒட்டிக்கொண்டது போல இருந்தது, வியர்வை. வேட்டித் தலைப்பை விட்டுவிட்டு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்ச் சேர்த்துக்கொண்டேன்.

"பாய், மாசி மாசம் போன டியூப் நல்ல டியூப்." "தெரியும் சார்." "அன்னிக்கே தெரியுமா?" "அன்னிக்கு நீங்க சொன்னா சரியா இருக்கும்னு நினைச்சேன். அப்புறம் ஒரு நாள் மார்க்கெட்ல இந்த வேட்டியோட பார்த்தேன். அப்பதான் தெரிஞ்சுது." "சொல்லலாமே?" "உங்ககிட்டயா? கண்ணு போச்சுன்னு உங்ககிட்ட சொல்லிட்டு நான் முழுசா ஓட்டேரி போய்ச் சேர முடியுமா?" சட்டைப் பைக்குள் இரண்டு விரலை விட்டு எதையோ எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். சின்னக் கண்ணாடிக் குழல், இரண்டு முனையிலும் வெள்ளி மூடி. என் பூஸ்ட் பெட்டியின் ஃபியூஸ். "நீங்க குளிக்கப் போனப்போ கழட்டிட்டேன். இவ்ளோ நேரமா ஒண்ணுக்கும் வேகாத பொத்தான் மேலதான் விரலை வெச்சிருந்தீங்க." பீடி இல்லை, ஃபியூஸ். திட்ட நினைத்தேன், சிரிப்புதான் வந்தது, சிரிப்போடு மூக்கும் நீர் விட்டது, வேட்டித் தலைப்பால், நீலமோ வெள்ளையோ, துடைத்துக்கொண்டேன். பெட்டி அதன்பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது, நான் பார்க்காத வெள்ளையில். "பாய், டியூபுக்குத்தான் ஸ்பேர் கிடையாது. கண்ணுக்கு உண்டா?" "அது ஒண்ணுதான் சார் இப்போ எங்க போனாலும் கிடைக்குது. எங்க வூட்டுல போன வருஷம் புரை எடுத்து லென்ஸ் மாத்திக்கினாங்க, இருபது நிமிஷ வேலை. வெளிய வந்ததும் என் மூஞ்சைப் பார்த்துட்டு, 'உங்களுக்கு எப்போ இவ்ளோ சுருக்கம் வந்துது'ன்னு கேட்டாங்க." ஸ்பேர் உண்டு! இருபது நிமிடம்! கிட்டத்தட்ட இந்த வேரியாக் அறுபதிலிருந்து நூற்று இருபதுக்குப் போகிற நேரம்! எனக்கு உட்கார முடியவில்லை, நாளைக்கே, இல்லை, இன்றைக்கே, ஆனால் முறையாகச் செய்ய வேண்டும், ஒப்பீடு இல்லாத சோதனை சோதனையே அல்ல. "முதல்ல வலது கண்ணு மட்டும் பாய். இடதை ஒரு மாசம் அப்படியே விட்டு வைக்கணும்." "எதுக்கு?" "ஒரு கண்ணை மூடிப் பார்ப்பேன், மறு கண்ணை மூடிப் பார்ப்பேன். எவ்வளவு வித்தியாசம்னு குறிச்சுக்க வேண்டாமா? இப்படி ஒரு வாய்ப்பு யாருக்குக் கிடைக்கும்?" உள்ளேயிருந்து செண்பகம், "ஏங்க, யாருக்கு என்ன கண்ணு?" என்று கேட்டுக்கொண்டே வருகிறாள், கையில் நீலம் தோய்ந்த என் இன்னொரு வேட்டி. எனக்கு அது பளிச்சென்று வெள்ளையாக இருக்கிறது. "அப்புறம் சாவகாசமா இந்த பூஸ்ட் பெட்டியையும் ஒரு தடவை சரி பார்க்கணும்" என்று பாயின் பக்கம் கையை நீட்டினேன், ஃபியூஸுக்காக. அவர் என் உள்ளங்கையைப் பார்த்தார், என் வலது கண்ணைப் பார்த்தார், இடது கண்ணைக் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தார். பிறகு அதைத் திரும்பச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டார். "அந்த இடதும் முடியட்டும் சார். அப்புறம் தரேன்."